காசு வேல்சினுடையது; காவல் இலண்டனுடையதோ?

வேல்சு நாட்டின் தெருக்களிற் செல்லும் காவல் வண்டிகளில் 'எத்லி' என்னும் ஒரு சொல் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 'எத்' என்பது அமைதி. 'லி' என்பது படை. அமைதிப்படை என்பதே அதன் நேர்ப்பொருள். ஆங்கிலச் சொல்லை வாங்கித் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்ட 'பிலிசுமோன்' என்னும் வழக்கு ஊர்ப்பேச்சில் இருந்தும், துறையின் பெயரை அம்மக்கள் தம் மொழியின் வேரிலிருந்தே ஆக்கிக்கொண்டனர். 'போலீசு' மறைந்து 'காவல்துறை' ஊன்றிய வரலாற்றைக் கண்ட தமிழர்க்கு அச்சொல்லின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயின், வண்டியின்மேல் எழுதிய சொல் வேல்சு மொழியினது. வண்டியை ஓட்டும் பணத்திற் பெரும்பங்கு வேல்சு மக்களிடமிருந்தும் வேல்சு அரசிடமிருந்தும் வருவது. அக்காவலுக்குச் சட்டம் வகுக்கும் உரிமையோ இலண்டனில் இருக்கின்றது. பெயரை மட்டும் மீட்டுக்கொண்ட ஓர் இனம், பெயருக்குரிய பொருளை மீட்டுக்கொள்ள இயலாமல் நிற்கும் நிலை இது.

அந்நாட்டு மக்கள் தம் நாட்டைக் 'கம்ரி' என்றே அழைப்பர். உடன்நாட்டார் என்பது அதன் அடிப்பொருள். 'வேல்சு' என்பதோ அயலார் என்னும் பொருளில் ஆங்கிலர் இட்ட பெயர். தம் நாட்டிலேயே தம்மை அயலார் எனக் குறிக்கும் பெயரை உலகம் முழுதும் வழங்கக் கேட்டுக்கொண்டிருப்பது எத்தகைய கொடுமை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்சின் மக்கள்தொகை 31 இலக்கத்திற்குச் சற்று மேல். அவருள் தம் மொழி பேச வல்லார் ஏறத்தாழ 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெண்மர் அளவே. இந்நாட்டைக் காப்பதற்கு வடவேல்சு, தென்வேல்சு, குவெண்டு, டிவெட்–பவிசு என நான்கு காவற்படைகள் உள. அவற்றுள் டிவெட்–பவிசு என்பது இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்த நிலப்பகுதியிலேயே பரப்பால் மிகப் பெரிய காவல் எல்லை. வேல்சு நிலத்திற் பாதிக்கு மேல் அதனுள் அடங்கும். ஆனால் அங்கு வாழும் மக்களோ ஏறத்தாழ ஐந்து இலக்கம் பேரே. மலையும் மேய்ச்சற் புலமும் சிற்றூர்களுமாகப் பரந்து கிடக்கும் அந்நிலத்தில், அழைப்புக் கேட்டுக் காவலர் வந்து சேர்வதற்குள் ஆடு திருடியவன் அடுத்த மாவட்டத்தையே கடந்துவிடக் கூடும்.

சுகாத்துலாந்தில் காவலும் வழக்கு மன்றங்களும் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் கீழ் இயங்குகின்றன. வட அயர்லாந்துக்கு 2010-இல் அவ்வுரிமை வழங்கப்பட்டது. வேல்சுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டிருக்கின்றது. 1999-இல் அமைந்த வேல்சுப் பேரவை, படிப்படியே சட்டமியற்றும் உரிமை பெற்றுக் கல்வி, மருத்துவம், வேளாண்மை, உள்ளாட்சி ஆகியவற்றை ஆள்கின்றது. எனினும் ஒரு காவலரையேனும் அமர்த்தவோ நீக்கவோ அதற்குச் சட்டவுரிமை இல்லை. இந்தியாவிற் காவல் மாநிலப் பட்டியலில் இருப்பதைக் கண்டு பழகியவர்க்கு இது வியப்பாகவே தோன்றும்.

இந்நிலை நேற்று வந்ததன்று. 1536-இல் எட்டாம் என்றி மன்னன் காலத்து இணைப்புச் சட்டம், வேல்சின் வழக்கு மன்றங்களில் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்றும், ஆங்கிலம் அறியாதான் எவனும் அங்கு அரசுப் பணியில் அமரக் கூடாது என்றும் விதித்தது. ஊர் முழுதும் ஒரு மொழி. ஊரை ஆளும் மன்றத்தில் வேறொரு மொழி. குற்றஞ்சாற்றப்பட்டவன் தன்மேல் என்ன குற்றம் சுமத்தப்படுகிறது என்பதையே மொழிபெயர்ப்பாளன் வாயிலாகக் கேட்க வேண்டிய நிலை நானூறு ஆண்டுகள் நீடித்தது. சட்டத்தின் காவலன் என்பான் அயல்மொழிக்காரன் என்னும் எண்ணம் அம்மக்களின் உள்ளத்தில் ஊன்றியதற்கு இதனினும் வேறு கரணியம் தேட வேண்டுவதில்லை.

காவற் செலவு பற்றிய பூசலும் அதே அளவு பழைமையுடையது. 1839 முதல் 1843 வரை தென்மேற்கு வேல்சின் உழவர், சாலைச் சுங்கக் கதவுகளை இரவோடிரவாக உடைத்தெறிந்தனர். ஆண்கள் பெண்களைப்போல் உடுத்து, 'இரெபெக்கா' என்னும் விவிலியப் பெயரைத் தம் தலைவர்க்குச் சூட்டிக்கொண்டு நடத்திய அவ்வெழுச்சி, வரலாற்றில் அப்பெயராலேயே அறியப்படுகின்றது. அதனை அடக்கப் படைஞரும் இலண்டன் காவலரும் அனுப்பப்பட்டனர். 1843-இல் கார்மார்தன் மாவட்டத்திற்கெனக் காவற்படை ஒன்றும் அமைக்கப்பட்டது. அதற்கான செலவு யார் தலையில் விழுந்தது? மாவட்ட வரியாக அதே உழவர் தலையிலேயே விழுந்தது. சுங்கம் தாங்காமல் கிளர்ந்தவனை அடக்க வந்தவனுக்குச் சோறும் உடையும் கிளர்ந்தவனே தர வேண்டியதாயிற்று! கிளர்ச்சிக்காரர் கூறிய குறைகளுள் காவற்படைச் செலவும் ஒன்றாக இடம்பெற்றதில் வியப்பில்லை.

1856-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மாவட்டங்களும் காவற்படை வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நடுவரசின் ஆய்வாளர் வந்து பார்த்துத் திறமையுடையது எனச் சான்றளித்தால், ஊதியத்திற்கும் உடைக்கும் ஆகும் செலவில் நாலில் ஒரு பங்கை இலண்டன் கருவூலம் தரும் என்றது. 1874-இல் அப்பங்கு பாதியாக உயர்ந்தது. பணம் கொடுப்பவன் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்பவன் நாளடைவிற் கட்டளையிடுவான். ஊர்க்காவல் என்பது சிறிது சிறிதாக இலண்டனின் காவலாக மாறிய வழி இதுவே. படைகொண்டு பிடிக்காததை மானியம் கொண்டு பிடித்தனர் எனலாம்.

தென்வேல்சின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் இவ்வுறவு இன்னும் கசந்தது. கிளமார்கன் மாவட்டத்தின் காவல் தலைவராக 1867 முதல் 1891 வரை தந்தை இலிண்ட்சேயும், 1891 முதல் 1937 வரை மகன் இலிண்ட்சேயும் இருந்தனர். ஒரு குடும்பத்தின் இரு தலைமுறையினர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஒரு மாவட்டத்தின் காவலை வழிவழிச் சொத்தெனக் கையில் வைத்திருந்தனர் என்பதைச் சற்றே கருதுக. மகன் இலிண்ட்சேயின் காலத்திலேதான் 1910-இல் டோனிபாண்டிக் கலவரம் நிகழ்ந்தது. வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்மேல் உள்ளூர்க் காவலரோடு இலண்டன் காவலரும் ஏவப்பட்டனர். பின்னர்ப் படையும் நிறுத்தப்பட்டது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த வின்சுடன் சர்ச்சிலின் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்போர் அப்பள்ளத்தாக்குகளில் நெடுங்காலம் இருந்தனர்.

பத்தாண்டு கழித்து, 1921-ஆம் ஆண்டு நிலக்கரி வேலைநிறுத்தத்தின்போது, சுவான்சிக்கு அருகிலிருந்த சுரங்கம் ஒன்றில் ஒரு வழக்கு முளைத்தது. சுரங்க மேலாளர், காவலர் சுரங்கத்திலேயே தங்கிக் காக்க வேண்டும் என்றார். காவல் மேலதிகாரியோ, சுற்றிவரும் படையே போதும். அங்கேயே தங்க வேண்டுமாயின் தனியே பணம் தர வேண்டும் என்றார். நிறுவனம் ஒப்புக்கொண்டது. வேலைநிறுத்தம் முடிந்து, 2,200 பவுனுக்குச் சற்று மேற்பட்ட கணக்கு வந்ததும் தர மறுத்தது. காப்பது காவலரின் கடமை. கடமைக்குக் கூலி கேட்கலாகாது என்பது அதன் வழக்குரை. பெருமக்கள் அவையின் வழக்காளர்கள் பெரும்பான்மையாக மாவட்ட மன்றத்தின் பக்கமே தீர்ப்புரைத்தனர். அமைதி காக்கத் தேவையான அளவுக் காவல் எல்லார்க்கும் கட்டணமின்றி உரியது. அதற்கு மேல் ஒருவர் தமக்கெனத் தனிக்காவல் வேண்டினால் அதற்கு விலை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். பெரும் பந்தாட்டங்களுக்குச் செல்லும் காவலர்க்கு இன்று கட்டணம் பெறுவதும் அத்தீர்ப்பின் வழிவந்த வழக்கமே. வேல்சின் ஒரு கரிக்குழியிற் பிறந்த கேள்வி இங்கிலாந்து முழுதுக்கும் சட்டமாயிற்று. வேல்சுக்கென ஒரு சட்டம் மட்டும் பிறக்கவில்லை!

மொழியுரிமைப் போரும் காவல் நிலையத்து வாயிலிலேயே தொடங்கிற்று. 1936-இல் இலீன் தீவக்குறையில் வான்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம் அமைப்பதை வேல்சு மக்கள் எதிர்த்தனர். எதிர்ப்புச் செவியேறாமற்போகவே, சாண்டர்சு லூயிசு, லூயிசு வாலண்டைன், டி.சே. வில்லியம்சு என்னும் சான்றோர் மூவர் அக்களத்துக் கொட்டகைகளுக்குத் தீ மூட்டிவிட்டு, ஓடி ஒளியாமல், நேரே புல்லெலிக் காவல் நிலையத்திற்குச் சென்று தாங்களே செய்ததை அறிவித்தனர். கேர்நார்வனில் வேல்சுச் சான்றாளர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமற் கலைந்தது. அரசு வழக்கை இலண்டனுக்கு மாற்றியது. அங்கே 1937 சனவரியில் மூவர்க்கும் ஒன்பது திங்கள் சிறை விதிக்கப்பட்டது. வேல்சு மன்றம் தண்டிக்க மறுத்தவரை இலண்டன் மன்றம் தண்டித்தது என்பதை அம்மக்கள் இன்றளவும் மறந்தாரில்லை. அதன்பின் எழுந்த பெரும் விண்ணப்ப இயக்கத்தின் விளைவே 1942-ஆம் ஆண்டு மன்றச் சட்டம். அதுவும் ஆங்கிலத்தாற் கேடுறுவோர் மட்டுமே தம் மொழியைப் பயன்படுத்தலாம் என்னும் அரைகுறைச் சட்டமாகவே இருந்தது.

1962-இல் அபரிசுட்வித்து நகரில் ஓர் இளைஞர், மிதிவண்டியில் நண்பரை ஏற்றிச் சென்றதற்காக வழக்கில் மாட்டினார். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற காரெத்து மைல்சு என்பாரே அவர். அழைப்பாணை ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. வேல்சு மொழியில் வந்தாலன்றி ஏற்கேன் என்றார். ஓர் இரவு சிறையிற் கழித்தார். மிதிவண்டிக் குற்றம் எவ்வளவு சிறிது! ஆனால் அந்த ஒரு தாளே, அவ்வாண்டிற் பிறந்த மொழிக் கழகத்தின் முதற் போருக்கு வித்தாயிற்று. அழைப்பாணைகள் வேல்சு மொழியிலும் வேண்டும் என்று 1963 பிப்பிரவரியில் அந்நகரத்துத் திரெவெக்கன் பாலத்தில் மறியல் நடந்தது. 1967, 1993, 2011 ஆகிய ஆண்டுகளின் மொழிச் சட்டங்கள் ஒவ்வொன்றும் இத்தகைய மறுப்புகளின்மேல் எழுந்தவையே. மன்றத்தில் தம் மொழி பேசும் உரிமை 1967-இல் வந்தது. வேல்சு மொழிக்கு ஆட்சிமொழி நிலை 2011-இல் வந்தது. 2016-இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகள் நான்கு காவற்படைகளையும் மொழிக் கடப்பாட்டுக்குள் கொணர்ந்தன.

இவ்விடத்து ஓர் ஆங்கிலரைப் பாராட்டாமற் செல்வது முறையன்று. 2001 முதல் 2009 வரை வடவேல்சுக் காவல் தலைவராக இருந்த இரிச்சர்டு பிரன்சுட்ராம், பதவியேற்ற பின்னர் வேல்சு மொழியைக் கற்றுத் தேர்ந்தார். வேல்சுப் பாவலர் அவையிலும் சேர்த்துச் சிறப்பிக்கப்பட்டார். தலைவர் கற்றார், தாழ்ந்த நிலையினர்க்குச் சாக்குச் சொல்ல வாயில்லாமற் போயிற்று. வடவேல்சுக் காவற்படையிற் பணியாளரின் மொழித்திறன் படிநிலைகளாக அளக்கப்படுகின்றது. புதிதாகச் சேர்வோரும் ஓரளவு வேல்சு மொழி அறிந்திருத்தல் வேண்டும். பெயரைச் சரியாகப் பலுக்குதல், வணக்கம் கூறல், எளிய உரையாடல் என்பன அதன் தொடக்கம். மலையடிவாரத்து முதியவள் ஒருத்தி வீடு புகுந்த திருடனைப் பற்றி நடுங்கிக்கொண்டே சொல்லும்போது, அவளை அவள் தாய்மொழியிற் பேச விடுவது வெறும் சலுகையா? அச்சமுற்றவன் வாயில் முதலில் வருவது தாய்மொழியே. அதைக் கேட்டறிய இயலாத காவலன் பாதிக் காவலனே.

இனிப் பணத்திற்கு வருவோம் என்றால், அங்குதான் முடிச்சு இருக்கின்றது. வேல்சுக் காவலுக்குரிய பணம் மூன்று வாய்க்கால்களில் வருகின்றது. ஒன்று, இலண்டன் உள்துறை அமைச்சகத்தின் மானியம். இரண்டு, வேல்சு அரசு தன் உள்ளாட்சிப் பணத்திலிருந்து தரும் பங்கு. மூன்று, ஒவ்வொரு வீட்டின் உள்ளாட்சி வரியோடும் சேர்த்துத் தண்டப்பெறும் காவல் வரி. 2010-க்குப் பின் இலண்டன் தன் மானியத்தைக் கடுமையாகக் குறைத்தது. குறைந்த இடத்தை நிரப்பியது மூன்றாவது வாய்க்காலே. இன்று வடவேல்சிலும் டிவெட்–பவிசிலும் மொத்தச் செலவிற் பாதியை வீட்டுவரியே சுமக்கின்றது. இங்கிலாந்தில் இவ்வரியை வரம்புக்கு மேல் உயர்த்தினால் மக்களிடம் நேர் ஒப்பம் கேட்க வேண்டும் என்னும் விதி உண்டு. வேல்சுக்கு அவ்விதி இல்லை. மிகையெனத் தோன்றினால் தடுக்கும் உரிமை வேல்சு அமைச்சர்க்கு உண்டு. அதாவது, காவலை ஆள உரிமையில்லாத அரசுக்குக் காவல் வரிக்கு எல்லை கட்டும் பொறுப்பு மட்டும் இருக்கின்றது!

இத்தகைய கோணல்கள் ஒன்றிரண்டல்ல. 2017-இல் இலண்டன் அரசு, பெருநிறுவனங்கள் தம் ஊதியச் செலவில் நூற்றுக்கு அரைப்பங்கைத் தொழிற்பயிற்சித் தீர்வையாகச் செலுத்த வேண்டும் என்றது. வேல்சுக் காவற்படைகளும் செலுத்தின. பயிற்சி என்பது வேல்சு அரசின் துறை. ஆகவே இங்கிலாந்துப் படைகளைப்போல அப்பணத்தைத் திரும்பப் பெறும் வழி அவற்றுக்கு அடைபட்டது. தீர்வைக்கு வேல்சு இங்கிலாந்தோடு சேர்ந்தது, பயனுக்கு வேறானது. இலண்டன் மாநகர்க் காவலுக்குத் தலைநகர் என்பதற்காகத் தனித்தொகை உண்டு. கார்டிப்பும் ஒரு நாட்டின் தலைநகரே. பேரவையும் பெருவிளையாட்டரங்கும் அங்கே உள. ஆனால் அத்தகைய தொகை அதற்கு இல்லை என்று தென்வேல்சின் காவல் ஆணையர் பன்முறை முறையிட்டிருக்கின்றார். பணத்தைப் பங்கிடும் வாய்பாட்டைத் திருத்தப் புகுந்த உள்துறை அமைச்சகம், 2015-இல் தன் கணக்கிலேயே தவறு கண்டு வெட்கித் திருத்தத்தை நிறுத்திவைத்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வேல்சு அரசோ, தனக்குரியதல்லாத துறையாயினும், 2011-க்குப் பின் குமுகக் காவல் துணையர் ஐந்நூற்றுவர்க்குத் தன் கருவூலத்திலிருந்து ஊதியம் தந்தது. 2021-இல் இன்னும் ஒரு நூற்றுவரைச் சேர்க்க உறுதியளித்தது. கைது செய்யும் உரிமை இல்லாத இத்துணையர், தெருத்தெருவாக நடந்து, கடைக்காரனையும் பள்ளிச் சிறுவனையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு ஊரோடு கலந்தவர்கள். சட்டம் தராத இடத்தைப் பணத்தாலும் அன்பாலும் நிரப்பிய செயல் அது. ஆனால் உரிமையில்லாத செலவுக்கு உறுதியுமில்லை. 2004 முதல் காவலர் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்க்கு நஞ்சுப்பொருள், வன்முறை முதலியன பற்றிக் கற்பித்துவந்த திட்டத்திற்கு வேல்சு அரசு தந்துவந்த பங்கு, பணமுடையால் 2024-இல் நின்றுபோயிற்று. தன் மருத்துவமனைகளுக்கே போதாதபோது, இலண்டனின் துறைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்னும் கேள்வி எழுந்தால் அதற்கு என்ன விடை?

மக்களைக் காவலோடு இணைக்கப்போவதாகச் சொல்லி இலண்டன் கொணர்ந்த ஏற்பாடு, 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த காவல்–குற்ற ஆணையர் பதவி. ஒவ்வொரு படைக்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவர். வரியை விதிப்பவரும் காவல் தலைவரை அமர்த்துபவரும் அவரே. முதற்றேர்தல் 2012 நவம்பரில், குளிரும் இருளும் சூழ்ந்த காலத்தில் நடந்தது. நூற்றுக்குப் பதினைவர் அளவே ஒப்போலையிட வந்தனர். குவெண்டுப் பகுதியில், நியூபோர்ட்டு நகரத்துச் சாவடி ஒன்றில் அன்று முழுதும் ஒருவர்கூடக் காலடி வைக்கவில்லை! அதனினும் இழிவான செய்தி ஒன்றுண்டு. இருமொழி ஒப்போலைக்குரிய ஆணையை உரிய காலத்தில் நிறைவேற்ற உள்துறை அமைச்சகம் மறந்தது. ஆகவே முன்னெச்சரிக்கையாக ஆங்கிலத்தில் மட்டும் ஒப்போலைகள் அச்சிடப்பட்டன. பின்னர் ஆணை வந்ததும் அவை அழிக்கப்பட்டன. வீணான செலவு ஏறத்தாழ 3,50,000 பவுன். வேல்சில் ஒரு மொழி இருக்கின்றது என்பதை மறந்தமைக்கு வந்த விலை அது. 2024 மே திங்களில் வேல்சில் அத்தேர்தல் மீண்டும் தனித்து நடந்தபோதும் ஐவரில் ஒருவர்கூட வரவில்லை.

எனினும், அப்பதவியின் நிழலில் நற்செயல்கள் நடவாமல் இல்லை. வடவேல்சில் 'உங்கள் ஊர், உங்கள் தேர்வு' என்னும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றது. குற்றவாளிகளிடமிருந்து மன்றத்தின்வழிப் பறிமுதலான பணமும் ஆணையர் தரும் பணமும் சேர்த்து, ஆங்கில்சித் தீவு முதல் இரெக்சம் வரையுள்ள ஆறு மாவட்டங்களின் சிறு குழுக்களுக்குச் சில ஆயிரம் பவுன் வீதம் பகிரப்படுகின்றது. இளைஞர் விளையாட்டுக் குழு, முதியோர் கூடம், ஊர்த்தோட்டம் என எக்குழுவுக்குத் தரலாம் என்பதை அவ்வூர் மக்களே ஒப்போலையிட்டுத் தேர்கின்றனர். நஞ்சு விற்றவன் பணம், அவன் கெடுத்த ஊரின் சிறுவர்க்குப் பந்தாகவும் வலையாகவும் திரும்புகின்றது. தொகை சிறிதே, ஆனால் ஆணையர் தேர்தலுக்கு வராத மக்கள் இத்தேர்வுக்கு ஆர்வத்தோடு வருவது எதனால்? தம் ஊரில் என்ன நிகழும் என்பது தம் கையில் இருப்பதை அங்கே அவர் கண்ணாரக் காண்பதனால் அன்றோ?

அவ்வடபகுதியிலேயே 2013-இல் நாட்டுப்புறக் குற்றங்களுக்கெனத் தனிக்குழு ஒன்று அமைந்தது. மக்களினும் ஆடுகள் ஏறத்தாழ மும்மடங்கு மிகுந்த நாட்டில், ஆட்டுத் திருட்டும், கட்டவிழ்ந்த நாய்கள் மந்தையைக் கடித்துக் குதறுவதும் உழவனின் வாழ்வையே அசைப்பன. நகரத்துக் கணக்கில் இவை குற்றமாகவே எண்ணப்படா. உழவனோடு அவன் மொழியிற் பேசி, அவன் கொட்டிலில் நின்று கேட்டவர்க்கே இதன் கனம் விளங்கிற்று.

நம்பிக்கை ஒருநாளிற் சிதறக் கூடியது என்பதற்கும் சான்றுண்டு. 2023 மே 22 அன்று கார்டிப்பின் ஈலிப் பகுதியில், மின்மிதிவண்டியிற் சென்ற இளஞ்சிறுவர் இருவர் விழுந்து இறந்தனர். காவல் வண்டி அவர்களைத் தொடரவில்லை என்று தென்வேல்சின் ஆணையர் முதலிற் கூறினார். தொடர்ந்து சென்றதைத் தெருவிலிருந்த படக்கருவி காட்டிற்று. அவ்விரவு அங்கே பெருங்கலவரம் மூண்டது. எத்தனை கூட்டங்கள் கூட்டினாலும், முதலிற் சொன்ன சொல் பொய்த்த பின் ஊராரிடம் எந்த முகத்தோடு செல்வது?

வேல்சின் நான்கு படைகளையும் ஒன்றாக்கிவிட 2005-இல் அன்றைய உள்துறை அமைச்சர் சார்லசு கிளார்க்கு முனைந்தார். கேர்நார்வனின் சிக்கலைக் கார்டிப்பிலிருந்து பார்ப்பதா என்று வடக்கு கொதித்தது. நான்கு வேறு வரிகளை ஒன்றாக்கினால் சிலர் தலையில் வரி ஏறும் என்னும் கணக்கும் குறுக்கே நின்றது. 2006 சூலையில், அடுத்து வந்த அமைச்சர் அத்திட்டத்தைக் கைவிட்டார். வேல்சின் காவலை எத்தனை கூறாக வைப்பது என்பதைக்கூட வேல்சு முடிவு செய்யவில்லை. அதைக் கைவிடுவதையும் வேல்சு முடிவு செய்யவில்லை.

இவ்வுரிமை வேண்டும் என்று சொல்வோர் தெருமுனைக் கிளர்ச்சியாளர் மட்டுமல்லர். 2014-இல் சில்க்கு ஆணையம் காவலை வேல்சிடம் ஒப்படைக்கச் சொன்னது. இங்கிலாந்து–வேல்சின் தலைமை நடுவராக இருந்து ஓய்வுபெற்ற தாமசு பெருமகனார் தலைமையிலான ஆணையம், 2019 அக்டோபரில் வழக்கு மன்றங்களையும் காவலையும் ஒருங்கே ஒப்படைக்கச் சொன்னது; அத்துறைகள் அனைத்துக்கும் ஆகும் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு வேல்சின் வரிப்பணமும் வேல்சு அரசின் பணமுமே என்றும் எடுத்துக்காட்டியது. 2024 சனவரியில் மற்றோர் ஆணையமும் அதையே வழிமொழிந்தது. பத்தாண்டில் மூன்று ஆணையங்கள் ஒரே முடிவைக் கூறின. இலண்டனில் ஆட்சிக் கட்சி மாறிற்று, விடை மாறவில்லை.

மறுப்பாளர் சொல்வதையும் புறந்தள்ளல் ஆகாது. வடவேல்சின் பெருங்குற்றக் கும்பல்கள் மான்செசுடர், இலிவர்பூல் நகரங்களோடு தொடர்புடையவை. குற்றம் கிழக்கு மேற்காக ஓடுகின்றது. எல்லைக் கோட்டில் அதை எங்ஙனம் நிறுத்துவது என்பர். வேல்சு அரசு தரும் பணமும் இலண்டன் தந்த மொத்தத் தொகையின் பகுதியே என்பர். முதற் கூற்றில் உண்மை உண்டு. ஆயின் சுகாத்துலாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலும் எல்லை உண்டு. அங்கும் கள்வர் உளர். இரு நாட்டுக் காவலரும் கூடிப் பணியாற்றவே செய்கின்றனர். இரண்டாம் கூற்றோ, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பொருந்துவதே. அவற்றை வேல்சு ஆள்வதற்கு அது தடையாகவில்லையே!

2025 நவம்பரில் இலண்டன் அரசு, ஆணையர் பதவியையே 2028 மே திங்களோடு ஒழிக்கப்போவதாக அறிவித்தது. இங்கிலாந்தில் அப்பொறுப்பு மேயர்களுக்கோ உள்ளாட்சித் தலைவர் குழுக்களுக்கோ செல்லும். வேல்சில் அத்தகைய மேயர்கள் இல்லை. அங்குரிய ஏற்பாடு வேல்சு அரசோடு கலந்து வகுக்கப்படும் என்பதே அறிவிப்பு. காவல் வரியை இனி விதிக்கும் கை யாருடையது, காவல் தலைவரைக் கேள்வி கேட்கும் வாய் யாருடையது என்னும் இரண்டும் அதில் அடங்கும். 2016-ஆம் ஆண்டு மொழி நெறிமுறைகளில் ஆணையர்கள் பெயர் இருக்கின்றது. அவ்விடத்தில் வரப்போகும் அமைப்பு எதுவாயினும் அதன் பெயரும் அப்பட்டியலில் ஏற வேண்டும். ஏறுவதற்குள் வரும் முதற்கடிதம் எந்த மொழியில் இருக்கும் என்பதை மொழிக் கழகத்தார் கண்காணித்துக்கொண்டே இருப்பர்.